கூடாரம் எங்கே அடிக்கலாம்: மறையூரா, கொல்லிமலையா, ஜவ்வாது மலையா?

கூடாரத்தில் தங்கலாம் என்று பேச்சு வந்ததுமே எல்லோரும் கூடாரத்தைப் பற்றியே விசாரிக்கிறார்கள். மெத்தை போடுவார்களா, கழிப்பறை தனியா பொதுவா, ராத்திரி நெருப்பு மூட்டிப் பாட்டுப் போடுவார்களா, கோழி சுட்டுத் தருவார்களா. கேட்க வேண்டியவைதான். ஆனால் கூடாரத்துக்குள் நாம் இருக்கப்போவது தூங்குகிற நேரம் மட்டும். காலை ஆறு மணிக்கே வெளிச்சம் துணிக்குள் புகுந்து எழுப்பிவிடும், எட்டு மணிக்குள் இட்லி முடிந்துவிடும். அதற்குப் பிறகு இருட்டும் வரை முழுப் பகல் கையில் இருக்கிறது. அந்தப் பகலை எங்கே கழிப்போம் என்பதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதனால் இதில் எந்த முகாமின் பெயரும் வராது. முகாமை விட்டு வெளியே வந்தால் பார்க்க ஊர் இருக்கிறதா, பழையது ஏதாவது இருக்கிறதா, காடோ அருவியோ இருக்கிறதா, இவற்றுக்கு நடந்து போகலாமா வண்டி வேண்டுமா என்பது மட்டும்தான் கணக்கு. இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்கிறேன். ஊட்டியையும் கொடைக்கானலையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 2024 மே மாதத்திலிருந்து இரண்டுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பதே அங்கே எவ்வளவு கூட்டம் என்பதைச் சொல்லிவிடும். ஏலகிரியையும் விட்டுவிட்டேன். ஏறுகிற 14 வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள், அது அழகு. ஏறிய பிறகு நடந்து பார்க்க ஊரைவிட ரிசார்ட் மதில்கள்தான் அதிகம்.

மிச்சம் மூன்று. மூன்றிலும் தமிழ் செல்லும். மறையூர் கேரளத்தில் இருந்தாலும் அங்கே தமிழுக்குக் குறைவே இல்லை.

மறையூர், காந்தளூர்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையில் ஏறக்குறைய 40 கி.மீ. ‘ஒன்பதாறு’ (9/6) என்ற சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறோம். சின்னாற்றைக் கடந்தால் இடுக்கி மாவட்டம், சின்னாறு வனவிலங்கு சரணாலயம். கேரளம் என்றதும் கண்ணில் வரும் பச்சையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். தென்மேற்குப் பருவமழையை மலை மறைத்துக்கொள்வதால் சின்னாறில் ஆண்டுக்கு 500 மி.மீ. அளவுதான் மழை. முள்மரமும் கள்ளியும் பாறையுமாக நம் பக்கத்துக் காடு மாதிரியே இருக்கும். நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் வாழும் காடு இது. அங்கிருந்து மறையூர் ஏறி, இன்னும் மேலே காந்தளூர் போனால் குளிர், படிப்படியான தோட்டம், பூண்டு, கேரட், பிளம்ஸ், ஆப்பிள். இவ்வளவு குறைந்த தூரத்தில் இப்படி முகம் மாறுகிற நிலம் தெற்கே அதிகமில்லை.

மறையூரை முதலில் வைப்பதற்குக் காரணம், எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது. முனியறைகள் ஊரை ஒட்டிய பாறைமேட்டிலேயே இருக்கின்றன. நான்கு பக்கமும் கற்பலகையை நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடியிருக்கிறார்கள். முனிவர்கள் தவம் செய்த அறை என்று ஊர்க்கதை. ஆய்வாளர்கள் இவற்றைப் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் என்கிறார்கள். சில நிமிர்ந்து நிற்கின்றன, சிலவற்றில் மூடுகல் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. குனிந்து உள்ளே பார்த்தால் ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவு இடம். பாறை விளிம்பில் நின்றால் கீழே பாம்பாறு, அதன் கரையில் கரும்புக் காடு, கோவில்கடவில் தென்காசிநாதர் கோவில். பாம்பாறு கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடும் மூன்றில் ஒன்று. அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கரூர்க்காரர்கள் பார்த்த தண்ணீர்தான் இது.

அந்தக் கரும்புதான் அடுத்த நிறுத்தம். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் வயலுக்குள்ளேயே இருக்கும், ஓலைக்கூரையில் புகை வந்தால் நேரே நடந்து போய்விடலாம். காய்ந்த கரும்புச் சக்கையை அடுப்புக்குள் ஒருவர் தள்ளிக்கொண்டே இருப்பார். கொப்பரையில் சாறு முதலில் அழுக்கு நுரையாகப் பொங்கி, நுரையை எடுக்க எடுக்கப் பொன்னிறமாகி, கடைசியில் கட்டிப் பாகாக ‘தப்தப்’ என்று கொதிக்கும். அதை மரத்தொட்டியில் கவிழ்த்துத் துழாவி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். உருண்டையில் விரல் பதிந்த தடம் அப்படியே இருக்கும். நிறம் நல்ல கரும்பழுப்பு. வெளிர்மஞ்சளாக மினுங்கினால் வாங்காதீர்கள். மறையூர் பெயரில் வெளியூர் வெல்லம் விற்பது பழைய புகார், குறியீடு கேட்டதற்கே அதுவும் ஒரு காரணம். சாலையோரக் கடையைவிடக் கொட்டகையிலேயே வாங்கிவிடுவது நல்லது.

ஊர்களைப் பொறுத்தவரை இது அஞ்சுநாடு. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று ஐந்து ஊர்கள். மதுரைப் பக்கமிருந்து முன்னோர் வந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. சாலையில் போகும்போது ஊர் தெரியாது, தோட்டமும் விடுதியும்தான் தெரியும். உள்ளே போனால் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பழைய தெரு. அங்கே நுழையும் முன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது மரியாதை. காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. சின்னப் பல், காரமான வாசம். குழம்பில் போட்டால் அடுத்த வீட்டுக்குத் தெரியும்.

குறையும் உண்டு. 2023-இல் இந்திய அரசின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தளூருக்குத் தங்கப் பரிசு கிடைத்தது. பரிசுக்குப் பிறகு சனி ஞாயிறுகளில் ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. ஆப்பிள் பார்க்கவென்று ஆடி, ஆவணியில் போகிறவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் காசு கட்டி நுழைய வேண்டிவரும். கூட்டம் பிடிக்காதவர்கள் காந்தளூரை விட்டுவிட்டு மறையூரிலேயே கூடாரம் அடிக்கலாம், மேலே ஒரு மாலை போய்வந்தால் போதும். தூவானம் அருவிக்கு ஆலம்பட்டியிலிருந்து வனத்துறை வழிகாட்டியோடுதான் நடக்க முடியும். அந்த நடை மூன்று இடங்களிலும் சேர்த்து நான் அதிகம் சிபாரிசு செய்வது. உடன் வருகிறவர்கள் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். யானைச் சாணத்தை மிதிக்காமல் குனிந்து பார்த்து, போய் எவ்வளவு நேரமாயிற்று என்று அவர்கள் சொல்வதைக் கேட்கவே போகலாம்.

ஒன்று மட்டும்: உடுமலையிலிருந்து கிளம்பும்போது நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். இருட்டுவதற்குள் காட்டுச் சாலையைக் கடந்துவிட வேண்டும். யானைகள் சாலையைத் தங்களுடையதாகவே நினைக்கின்றன, நினைப்பில் தப்பும் இல்லை.

கொல்லிமலை

நாமக்கல் பக்கம் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்காரர்கள் பலருக்கு அந்த எழுபதுதான் கொல்லிமலை. ஏறி, ஒரு படம் எடுத்து, இறங்கிவிடுகிறார்கள். வளைவு ஒத்துக்கொள்ளாத வயிறு உள்ளவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழி இருக்கிறது.

மேலே போனால் ஆச்சரியம், மலை உச்சி என்பதே இல்லை. மேடும் பள்ளமுமாக விரிந்த ஒரு தனி நாடு. ஊராட்சிகளின் பெயரே அப்படித்தான்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு. பள்ளத்தில் நெல், சரிவில் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, நடுவே பலா, அன்னாசி, மலைவாழை. முன்பு இங்கே சாமையும் தினையும் கேழ்வரகும்தான். சேலம், நாமக்கல் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு மரவள்ளி விலைபோகத் தொடங்கியதும் சிறுதானிய நிலம் சுருங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இங்கே மலையாளிப் பழங்குடிப் பெண்களோடு சேர்ந்து பழைய சாமை, தினை ரகங்களைக் காப்பாற்றி வருகிறது. மலையாளிகள் என்றால் மலையில் வாழ்கிறவர்கள், பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் சாமி கரிராமனைச் சுமந்துகொண்டு வந்தார்கள், அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்று ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கொல்லிமலைக்குப் போனால் சோளக்காடு சந்தைக்காவது போய் நில்லுங்கள். பலாப்பழ நாற்றத்துக்கு நடுவே மிளகு பேரம் பேசும் கிழவியிடம் மலையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், விலை குறையாது.

பார்க்கும் இடங்கள் அறப்பளீஸ்வரர் கோவிலைச் சுற்றி. தேவாரத்தில் அறப்பள்ளி என்று பெயர் வருகிற தலம். கோவிலுக்குப் பக்கத்திலிருந்தே ஆகாய கங்கைக்குப் படி இறங்குகிறது, ஆயிரத்துக்கும் மேல். அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. தண்ணீர் நன்றாக இருக்கும் காலத்தில் அருவிக்குக் கீழே நிற்கவே முடியாது, சாரல் ஆளைத் தள்ளும். சிக்கல் திரும்பி ஏறுவதில். இறங்கும்போது சிரித்துக்கொண்டு போன மாமாக்கள் ஏறும்போது படிக்குப் படி உட்காருவதைப் பார்க்கலாம். அவர்களுக்காகவே வழியெங்கும் முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். அது பாறையில் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு, மேலே பழுப்பு மயிர் மூடி, பார்க்க ஆட்டுக்கால் போலவே இருக்கும். கத்தியால் மயிரைச் சுரண்டி, பச்சையாகத் துண்டு போட்டு, மிளகு சீரகத்தோடு கொதிக்க வைக்கிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்பது விற்பவர் வாக்கு. எனக்கு அதன் மிளகுக் காரம் பிடிக்கும், மூட்டைப் பற்றி நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

வல்வில் ஓரியை விட்டுவிட முடியாது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று சங்கப் பாட்டுக் கொண்டாடிய வள்ளல். செம்மேட்டில் சிலை இருக்கிறது, ஆடி 17, 18-இல் அரசு விழா எடுக்கிறது. அந்த நாட்களில் கூடாரம் போட நினைக்க வேண்டாம், மலை கொள்ளாத கூட்டம். மற்றபடி பாரம்பரியம் என்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது கோவிலும் எட்டுக்கை அம்மனும்தான். ஓரி காலத்து அடையாளம் எதையும் தொட்டுப் பார்க்க முடியாது, பாட்டில்தான் இருக்கிறார். மாசிலா அருவி, நம்ம அருவி எல்லாம் குளிக்க நல்லவை, தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடத்துக்கு இடம் வண்டி வேண்டும். சாலை வளைந்து வளைந்து போவதால் வரைபடத்தில் பக்கமாகத் தெரிவது நேரத்தில் பக்கமில்லை.

ஜவ்வாது மலை

என்னைக் கேட்டால் இதுதான். ஆனால் கேட்கிற எல்லோருக்கும் நான் இதைச் சொல்வதில்லை.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை. ஊட்டிக் குளிர் கிடையாது, தேயிலை கிடையாது, வாய் பிளக்க வைக்கும் பெரிய அருவியும் கிடையாது. ஜமுனாமரத்தூர் ஒரு சின்ன ஊர், கோமுட்டேரியில் படகு விடுகிறார்கள். பீமன் அருவி மழைக்குப் பின் அழகு, மாசி பங்குனியில் பாறைதான் மிஞ்சும். இதைப் படித்துவிட்டு ‘அப்புறம் எதற்கு’ என்று கேட்கிறவர் மறையூருக்கே போய்விடலாம்.

எதற்கு என்றால், முதலில் ராத்திரிக்கு. இந்த மலையில் விளக்கு குறைவு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கமென்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும். வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் வானாய்வகத்துக்கு இடம் தேடி வந்து காவலூரைப் பிடித்தது அதனால்தான். 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே. 1977-இல் யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது காவலூரிலிருந்தும் அந்த நிகழ்வைப் பதிவு செய்தார்கள். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார், அப்போதுதான் ஆய்வகத்துக்கு பாப்புவின் பெயர் வந்தது. 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வானம் காட்டுவது சின்னத் தொலைநோக்கியில்தான், பெரியதில் கண் வைத்துப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள். நாள் குறிக்கும்போது காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். பௌர்ணமியன்று அங்கே போய் நட்சத்திரம் தெரியவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது?

இரண்டாவது, இந்த மலையின் அடிவாரம். மலை மேலேயே பெருங்கற்காலக் கற்திட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. மறையூர் மாதிரி ஊர் ஓரத்தில் இல்லை, உள்ளூர் ஆள் ஒருவர் கூட வந்து முட்செடியை விலக்கிக் காட்ட வேண்டும். கீழே இறங்கினால் தெற்கே செங்கம். சங்கப் பாட்டான மலைபடுகடாத்தில் வரும் மன்னன் நன்னனின் செங்கண்மா இதுதான். அந்தப் பாட்டின் 583 அடிகளில் பெரும்பகுதி கூத்தர்களுக்கு வழி சொல்வதுதான்: பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் பார்த்துப் போங்கள், பாசி வழுக்கும், தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் எறிவார்கள். ஜவ்வாதில் பிறந்து ஓடும் செய்யாறு அந்தப் பாட்டில் சேயாறாக வருகிறது. பயண வழிகாட்டி என்று இன்று நாம் எழுதுவதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

செங்கத்தைச் சுற்றிய வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. எடத்தனூரில் கிடைத்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கும். அந்த நாயின் பெயர் கோவிவன், கள்வர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கல்லில் பெயர் வெட்டிய ஊர்க்காரர்கள். இந்த வட்டாரத்தில் வயலோரம் ஒரு பலகைக்கல் சாய்ந்து நின்றால் வண்டியை நிறுத்திப் பாருங்கள். சிலவற்றுக்கு இன்னும் மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கிறார்கள்.

கிழக்கே போளூர்ப் பக்கம் இறங்கினால் திருமலை. ராஜராஜனின் தமக்கை குந்தவை பெயரில் குந்தவை ஜினாலயம், பாறையில் செதுக்கிய நேமிநாதர், தமிழ்நாட்டின் மிக உயரமான சமணச் சிற்பம். குகைத்தளத்தில் ஓவியங்கள் மங்கியும் மங்காமலும் இருக்கின்றன, கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இந்தப் பக்கத்து ஊர்களில் வாழ்கிறார்கள், அதனால் கோவில் அருங்காட்சியகம் மாதிரி இல்லாமல் நடமாட்டத்தோடு இருக்கிறது. படவேடு ரேணுகாம்பாளும் பர்வதமலையும் இதே பக்கம்தான். பர்வதமலை தனி நாள் கேட்கும், இந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

ஆக ஒரு பகலில் செங்கமோ திருமலையோ ஏதாவது ஒன்றுதான். சொந்த வண்டி கட்டாயம். இறங்கி ஏறுவதற்கே பாதி நாள் போகும். படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அள்ளிக் கொடுக்கும், சும்மா போகிறவர்களுக்கு ஒன்றுமே கொடுக்காது. எல்லோருக்கும் சிபாரிசு செய்யாததற்கு அதுதான் காரணம். மலை மேலே மலையாளிக் குடியிருப்புகளில் சாமையும் தேனும் வாங்கலாம். காசைக் குறைத்துக் கேட்காதீர்கள், சாமையைக் கல் பொறுக்கிக் குத்திப் புடைக்கிற வேலை தெரிந்தால் கேட்க மனசும் வராது.

யாருக்கு எது

பஸ்ஸில் போகிற குடும்பம், முதல் தடவை கூடாரம், கூடப் பெரியவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மறையூர். உடுமலை–மூணாறு பஸ் ஊர் நடுவிலேயே இறக்கிவிடும். முனியறை, ஆறு, கோவில், வெல்லக் கொட்டகை நான்கையும் வண்டி இல்லாமலே பார்த்துவிடலாம். முழங்கால் வலி உள்ள பாட்டி முனியறைப் பாறையில் ஏறாவிட்டாலும் கொட்டகையில் சூடான பாகு தின்னலாம்.

கல்லூரிப் பிள்ளைகள், பைக், அருவியில் குளிக்க வேண்டும் என்றால் கொல்லிமலை. ஐப்பசியிலிருந்து தை வரை நல்ல காலம். வெள்ளம் வந்தால் ஆகாய கங்கையை மூடிவிடுவார்கள், அதற்காகச் சண்டை போடாதீர்கள். மறையூரில் ஆடியிலும் மழை அதிகம் தொந்தரவு செய்யாது, ஐப்பசி கார்த்திகையில்தான் நனைக்கும். ஜவ்வாதுக்கு மார்கழி, தை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், போர்வை மட்டும் நம்முடையதைக் கொண்டுபோவது நலம்.

மாசி முதல் சித்திரை வரை எந்த மலையிலும் காட்டுக்குள் நடக்கும் ஆசையை ஒத்திவையுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் எரிந்துபோனது காய்ந்த புல் நிற்கும் இந்தப் பருவத்தில்தான். அதற்குப் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. காப்புக்காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி நடப்பதல்ல, பட்டா நிலத்தில் இருக்கும் முகாமைப் பாருங்கள்.

முன்பணம் அனுப்பும் முன் போனில் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். பக்கத்து ஊர் டீக்கடைக்கு நடந்து போகலாமா? கூட வந்து வழிகாட்ட உள்ளூர் ஆள் கிடைப்பாரா, அவருக்குக் கூலியை நேராகக் கொடுக்கலாமா? ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கரை நிறுத்துவீர்களா? இதற்கெல்லாம் “சார், நீங்க எங்கேயும் போகவே வேணாம், எல்லாமே கேம்ப் உள்ளேயே இருக்கு” என்று பதில் வந்தால், போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைப் போடுங்கள்.